சிலுவை இல்லாத சபை

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிஷம் பேசுங்க, தலைப்பு உங்க இஷ்டம்" என்று செயலாளர் சொன்னார். அவர் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். ஆனாலும் இன்று மைக் அவர் கையில் இருப்பதால் அவர் சொன்னதுதான் சட்டம். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கொஞ்சம் விநோதமானது. கிறிஸ்தவர்களில் சில பிரிவினர் சிலுவை அடையாளத்தைப் பயன்படுத்துவதில்லை. அது ஏன்? "நீ திருநீறு பூசுகிற ஆளாச்சே, உனக்கு எதுக்கய்யா இந்த வேலை?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறுதான் காரணம்.

போன முறை மலர்க் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. "மறைந்த நண்பர்கள்" என்று ஒரு பக்கம் போட்டோம். செய்தித்தாள்களில் பார்த்த வழக்கப்படி, கிறிஸ்தவ நண்பர்கள் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவைக் குறி வைக்கச் சொல்லி அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன். மரியாதை என்றுதான் நினைத்தேன். மலர் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் போன் வந்தது. என் விடுதி அறைத் தோழனின் மகள். கோபமெல்லாம் இல்லை. "அங்கிள், அப்பா பேரு முன்னாடி சிலுவை போட்டிருக்கீங்க. அப்பாவோட கல்லறையிலேயே அது கிடையாது, அங்கிள்" என்றது அந்தப் பெண்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் ஒரே அறையில், ஒரே மேசை விளக்கில் படித்தவன் நான். அவன் சபையில் சிலுவை கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

1975-ல் நாங்கள் விடுதியில் சேர்ந்தபோது எங்கள் தாழ்வாரத்தில் நாலு கிறிஸ்தவப் பையன்கள். பூண்டிப் பக்கத்துக் கத்தோலிக்கன் ஒருவன்; தரங்கம்பாடி லுத்தரன் ஒருவன்; தஞ்சாவூர் சி.எஸ்.ஐ. ஒருவன், நாலாவது என் அறைத் தோழன், சகோதர சபை. எனக்கு அப்போது எல்லாரும் ஒன்றுதான். இந்த நாலு பேரும் ஒன்றில்லை என்பது ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்த ராத்திரியில் தெரிந்தது. கதாநாயகனைப் பற்றி லுத்தரன் சொன்னான்: "அவன் ஆறாம் கட்டளையை மீறிட்டான்டா." சி.எஸ்.ஐ. பையன் திகைத்துப் போய், "அவன் யாரைக் கொன்னான்?" என்று கேட்டான். கத்தோலிக்கன் விழுந்து விழுந்து சிரித்தான்.

விஷயம் இதுதான். பத்துக் கட்டளைகள் எல்லாருக்கும் ஒன்றே. எண்ணுகிற கணக்குதான் வேறே. கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் விக்கிரகம் செய்யாதே என்பது முதல் கட்டளைக்குள்ளேயே அடங்கிவிடும். பத்து நிரம்புவதற்காகக் கடைசியில் வரும் இச்சிக்காதே என்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆங்கிலிக்கன் மரபில் வந்த சி.எஸ்.ஐ. போன்றவர்களுக்கு விக்கிரகம் கூடாது என்பதே தனியாக ஓர் இரண்டாம் கட்டளை. அதனால் லுத்தரனுக்கு ஆறாம் கட்டளை விபசாரம், சி.எஸ்.ஐ. பையனுக்கு ஆறாம் கட்டளை கொலை. வேடிக்கையாக இருந்தாலும், உருவம் கூடாது என்பதைத் தனிக் கட்டளையாக எண்ணிப் படித்த குழந்தைக்கு அதன் மேல் ஒரு தனிக் கவனம் வரத்தானே செய்யும்? நான் இன்று பேசுகிற சங்கதியின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்தில் 1522-ல் கோயில் உருவங்களை அகற்றி உடைக்கிற வேகம் கிளம்பியபோது, மறைவிடத்திலிருந்து திரும்பி வந்து அதைத் தடுத்தவர் லுத்தர். உருவத்தை வணங்குவதுதான் தப்பே தவிர, இருப்பது தப்பில்லை என்பது அவர் கட்சி. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் ஸ்விங்ளியும் அவரைச் சேர்ந்தவர்களும் அப்படி விடவில்லை. 1524-ல் கோயில்களிலிருந்து உருவங்களை எல்லாம் இறக்கிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நம் தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9-ல் வந்து இறங்கிய சீகன்பால்க் லுத்தரன். ஆகவே நம் கடற்கரைக்குப் புராட்டஸ்டன்ட் மார்க்கம் சிலுவையோடுதான் வந்தது. சுவார்ட்ஸ் ஐயரும் அதே வழியில் வந்தவர்தான். சிவகங்கைப் பூங்கா ஓரத்தில் அவர் 1779-ல் கட்டிய கோயிலை, மாலையில் பூங்காவுக்குப் போன சாக்கில் நம்மில் பலர் வெளியே இருந்து பார்த்திருப்போம். உள்ளே சரபோஜி மன்னர் வைத்த சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மாணவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஆங்கிலிக்கன்களுக்குள்ளேயே இது தீராத சண்டை. லண்டன் கோயில் ஒன்றின் சிலுவைக்காக 1857-ல் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்குப் போனது. கட்டட அலங்காரமாக மேலே இருக்கும் சிலுவை இருக்கலாம். திருவிருந்து மேசையோடு பொருத்திய சிலுவை கூடாது என்று தீர்ப்பு. நம்ம ஊர் பாகப்பிரிவினைத் தீர்ப்பு மாதிரி இல்லை? அதற்கும் முன்னால், 1634-ல் அமெரிக்காவின் சேலம் ஊரில் எண்டிகாட் என்கிற பியூரிட்டன் தலைவர், ஆங்கிலக் கொடியில் இருந்த சிலுவையையே வெட்டி எடுக்க வைத்தார். தன் நாட்டுக் கொடியையே!

இனி என் தோழனின் சபைக்கு வருகிறேன். 1820-களிலும் 30-களிலும் டப்ளினிலும் பிளிமத்திலும் தொடங்கியது அந்த இயக்கம். பாதிரியார் என்று தனி வகுப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம், விசுவாசிகள் கூடி அப்பம் பிட்டால் போதும் என்றார்கள். அதன் முன்னோடிகளில் ஒருவரான குரோவ்ஸ் என்ற பல் வைத்தியர் 1830-களில் இந்தியா வந்து சித்தூரில் தங்கினார். அவரோடு பழகியவர் நம் தமிழர் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1840-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். ஆகவே இது நேற்று முளைத்த சபை அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனேன். போனதன் முக்கியக் காரணம், ஞாயிறு காலை விடுதியில் போடும் உப்புமாவிலிருந்து தப்பிப்பது. ஓட்டு வீட்டுக் கூடம். பாய் விரித்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், முக்காடு போட்ட பெண்கள் ஒரு பக்கம். சுவரில் ஒரு வசனம் எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. படம் இல்லை, மெழுகுவத்தி இல்லை, சிலுவை இல்லை. நடுவில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, அதன் மேல் ஓர் அப்பம், ஒரு கிண்ணம். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் பாடியதிலும் ஜெபித்ததிலும் சிலுவை என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன்டா, வாய் நிறைய சிலுவை சிலுவைங்கிறீங்க, சுவத்துல ஒண்ணு மாட்டக் கூடாதா?"

அவன் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். பிறகு சொன்னான்: "நினைச்சுக்கோங்கன்னு அவர் குடுத்துட்டுப் போனது அப்பமும் கிண்ணமும்டா. மரத்தை அவர் குடுக்கலை. அது மத்தவங்க அவருக்குக் குடுத்தது."

நான் சும்மா இருக்கவில்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளிதான், பொன் வில்வமாலைதான் தொங்கும், அது மாதிரியா என்று கேட்டேன். "உங்க ஊர்க் கணக்கோட எங்களைச் சேர்க்காதே" என்று சிரித்தான். அதோடு விட்டுவிட்டோம். இந்த ஒப்புமை சரியில்லை என்று இப்போது எனக்கும் தெரிகிறது. அங்கே வெளியே ஒரு தத்துவம். இங்கே மேசை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மற்றதை எடுத்துவிட்டார்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் பலவும் சிலுவை வைப்பவைதான். ஆனால் நம் ஜனங்கள் 'சிலோன் பெந்தெகொஸ்தே' என்று சொல்லும் சபையில் அது கிடையாது. இலங்கையில் 1924 வாக்கில் பாஸ்டர் பால் என்பவர் தொடங்கியது. பெயர் இப்போது பெந்தெகொஸ்தே மிஷன். வெள்ளை உடை, நகை கிடையாது, ஊழியர்கள் விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்வார்கள். கழுத்தில் பொன் சங்கிலியே வேண்டாம் என்கிறவர்கள் அதில் சிலுவை கோத்துப் போடுவார்களா?

மூன்றாவது கட்சி முற்றிலும் வேறு. யெகோவாவின் சாட்சிகள். திரித்துவத்தை ஏற்காததால் மற்றச் சபைகள் இவர்களைக் கிறிஸ்தவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்கிறார்கள். தேசிய கீத வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் மூன்று கேரளப் பிள்ளைகளுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னதே, அந்தப் பிள்ளைகள் இவர்கள்தான். சிலுவையை வணங்காதே என்பதோடு இவர்கள் நிற்பதில்லை. இயேசு சிலுவையில் சாகவே இல்லை, ஒற்றைக் கம்பத்தில் என்பார்கள். ஆரம்பத்தில் இவர்களும் அப்படி இல்லை. இவர்களுடைய காவற்கோபுரம் பத்திரிகையின் அட்டையிலேயே 1931 வரை சிலுவையும் கிரீடமும் இருந்தன. 1936-ல்தான் இந்தக் கொள்கையை வெளியிட்டார்கள்.

இதில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'ஸ்டாவ்ரோஸ்'. பழைய கிரேக்கத்தில் அதற்கு நட்ட கம்பம் என்றுதான் பொருள். இதைப் பிடித்துக்கொண்டு சாட்சிகள் தமிழில் முன்பு 'கழுமரம்' என்று எழுதினார்கள். பிறகு 'சித்திரவதைக் கம்பம்' என்று மாற்றிக்கொண்டார்கள். கழுமரம் என்றால் நமக்குச் சம்பந்தர் கதையும் சமணரும்தான் ஞாபகம் வரும். மாற்றியது நல்லதுதான். நாம் சாதாரணமாகச் சொல்லும் 'சிலுவை'யோ கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. 'ஸ்லீபா' என்ற சிரியாக் சொல்லின் வழி வந்தது. கத்தோலிக்கர் பேச்சில் 'குருசு' என்று ஒன்று உண்டு. அது போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனது. தெருமுனைக் குருசடி என்பதெல்லாம் அதிலிருந்துதான்.

கம்பமா, குறுக்குக்கட்டையா? ரோமானியர் காலத்தில் அதே சொல் குறுக்குக்கட்டை உள்ள மரத்துக்கும் வழங்கியது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் குறுக்குக்கட்டைப் பக்கமே. 1968-ல் எருசலேமில் ஆணி பாய்ந்த ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது. தண்டனை எத்தகையது என்று அது காட்டியது. மரத்தின் வடிவத்தைக் காட்டவில்லை. வடிவத்துக்கு வேறொரு சாட்சி உண்டு. ரோமில் அரண்மனைப் பையன்களுக்குப் பயிற்சி தந்த இடம் என்று கருதப்படும் கட்டடத்தில், நான் சொன்ன அந்த வழக்கு முடிந்த 1857-ஆம் வருஷத்திலேயே ஒரு சுவர்க் கிறுக்கல் அகப்பட்டது. சுமார் கி.பி. 200-ஐச் சேர்ந்தது. குறுக்குக்கட்டையில் கைவிரித்துத் தொங்குகிற கழுதைத்தலை உருவம். கீழே ஒரு பையன் கையை உயர்த்தி நிற்கிறான். அலெக்ஸமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்கிற கருத்தில் பக்கத்தில் எழுத்து. அதாவது கூடப் படிக்கிற பையனைக் கேலி செய்ய யாரோ கீறியது! நம் விடுதிச் சுவர்களை அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

சிலுவை மரணத்தைக் காட்டுகிற மிகப் பழைய படங்களில் ஒன்று இப்படிக் கேலிப்படமாக இருக்கிறது. கிறிஸ்தவர்கள் தாங்களே கல்லறைச் சுரங்கங்களில் வரைந்தவை மீன், நங்கூரம், ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன். ஏன் என்று யோசியுங்கள். அடிமைகளையும் கலகக்காரர்களையும் ஊருக்கு வெளியே அம்மணமாகத் தொங்கவிடுகிற காலத்தில், அந்தக் கருவியை யார் வீட்டில் மாட்டுவார்கள்? கான்ஸ்டன்டைன் 312-ல் வெற்றி பெற்று, அந்தத் தண்டனையே வழக்கொழிந்த பிறகுதான் சிலுவை வெளிச்சத்துக்கு வந்தது. அதில் தொங்கும் உருவத்தை ரோமில் கதவில் செதுக்கியது கி.பி. 430 வாக்கில். பார்த்தவர்களின் தலைமுறைகள் போன பிறகுதான் அதை அழகாகச் செய்ய முடிந்தது.

இதை என் தோழனிடம் சொல்லி வாதாட அவன் இல்லை. சொல்லியிருந்தால், எங்கள் தாழ்வாரத்துப் பூண்டிக்காரன் விட்டிருக்க மாட்டான். அவன் தாயார் கையில் எந்நேரமும் பாடுபட்ட சுரூபத்தோடு ஜெபமாலை இருக்கும். அந்த அம்மாள் உயிர் பிரிந்ததும் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான். அவர்களுக்கு அது அலங்காரம் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவன் அருகில் உட்கார்ந்திருந்து, மறுநாள் பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தவன் என் அறைத் தோழன். பெட்டி மேல் வெள்ளியில் பெரிய சிலுவை. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இந்த முறை ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்து கேட்டுத்தான் போட்டிருக்கிறோம். பூண்டிக்காரன் வீட்டில் சிலுவை வேண்டும் என்றார்கள், இருக்கிறது. சிலருக்கு ஓம் இருக்கிறது, ஒருவருக்குப் பிறை. என் தோழன் பெயருக்கு முன்னால் என்னம்மா போட என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பேரும் பேட்ச்சும் போதும், அங்கிள்" என்றது. அது இன்று மயிலாடுதுறையிலிருந்து வந்திருக்கிறது, 1977-ல் எடுத்த விடுதிப் புகைப்படத்தோடு. டீ இடைவேளையில் எல்லாரும் பாருங்கள். கடைசி வரிசையில், என் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மறைய நிற்கிறானே, அவன்தான்.