மாவு மிஷினும் கம்ப்யூட்டரும்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், மயிலாப்பூரில், ஆற்றிய உரை)



"ஆபரேட்டிங் சிஸ்டம் பத்திப் பேசுங்க சார், ஆனா எல்லாருக்கும் புரியணும், சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிடணும்" என்று செயலாளர் மூன்று நிபந்தனைகள் போட்டிருக்கிறார். மூன்றாவதை நிச்சயம் காப்பாற்றுவேன்.

போன வாரம் என் பேத்தி செல்போனை நீட்டினாள். "தாத்தா, அப்டேட் பண்ணவான்னு கேக்குது. யாரு கேக்கறாங்க?" அடையாறில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், கம்ப்யூட்டர் பாடமும் உண்டு. ஆனாலும் கேட்பது யார் என்று தெரியவில்லை. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கம்ப்யூட்டர் என்றால் ப்ராசஸர், மெமரி, டிஸ்க், பிரிண்டர் என்று சில சாமான்கள். நாம் எழுதும் ப்ரோகிராம்கள் எல்லாம் இவற்றுக்காகப் போட்டி போடும். யாருக்கு எது, எவ்வளவு நேரம் என்று முறை வைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஒருவர் இலையில் இன்னொருவர் கை வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள்தான் ஆபரேட்டிங் சிஸ்டம்.

ஆரம்பத்தில் அப்படி ஒருவர் கிடையாது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே என்ஜினியர்கள் மிஷினை மணிக்கணக்கில் முன்பதிவு செய்து, தாங்களே டேப் மாட்டி, தாங்களே பட்டன் தட்டி ஓட்டினார்கள். டேப் மாட்டும் நேரமெல்லாம் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மிஷின் சும்மா நின்றது. 1956ல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து ஐ.பி.எம். 704க்கு ஒரு ப்ரோகிராம் எழுதினார்கள். ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானே எடுத்து ஓட்டும். முதல் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

இது நமக்குப் புதிசில்லை. நம் தெரு மாவு மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் டின்னை வைத்துவிட்டு வந்துவிடுவோம். மிஷின்காரர் கோதுமையை எல்லாம் சேர்த்து ஒரு ஈடு அரைப்பார். மிளகாயைக் கடைசியில் போடுவார். சாயங்காலம் போய் வாங்கி வரவேண்டும். மிஷின் நிற்கக் கூடாது, காத்திருப்பது நாம். கம்ப்யூட்டரில் இதற்கு பேட்ச் ப்ராசஸிங் என்று பேர்.

நம் ஊருக்கு இது நன்றாகத் தெரியவந்தது 1973ல், ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தபோது. மான்கள் உலவும் காட்டுக்குள் ஏ.சி. போட்ட ஒரு ராட்சசன். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே ரகத்து வேறொரு மெயின்ஃப்ரேமுக்குக் கார்டுகளைச் சுமந்தேன். ஒரு கார்டில் 80 எழுத்து, ஒரு வரி. செருப்பு டப்பாவில் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறுவேன். இன்று கொடுத்தால் நாளைக்கு விடை.

நம் ப்ரோகிராமுக்கு முன்னால் ஏழெட்டுக் கார்டுகள் வைக்கவேண்டும். ஜே.சி.எல். என்று பேர். எந்த ப்ரோகிராமை ஓட்டுவது, எந்த டேப், எந்த டிஸ்க் என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நாம் கொடுக்கும் விண்ணப்பம் அது. எங்களில் யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. சீனியர் வைத்திருந்ததை அப்படியே காப்பி அடித்தோம். "இது என்ன சார்?" என்றால், "அது அப்படித்தான்ப்பா, தொடாதே" என்பார்.

ஒரு மாதக் கடைசியில் அலுவலகத்துச் சம்பளப் பட்டியலை ஓட்டவேண்டியிருந்தது. பழைய கார்டு ஒன்று கிழிந்துபோனதால் நானே புதிதாகப் பஞ்ச் பண்ணினேன். மறுநாள் பட்டியலுக்குப் பதில் பிழைச்செய்தி வந்தது. ப்ரோகிராமைத் திருத்திக் கொடுத்தேன். மறுபடி பிழை. மூன்றாம் நாளும் அதே. ப்ரோகிராமில் தப்பே இல்லை. நான் பஞ்ச் பண்ணிய ஜே.சி.எல். கார்டின் கடைசியில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. அந்த மாதம் சம்பளம் மூன்று நாள் தாமதம். எங்கள் ப்யூன் என்னிடம் வந்து மெதுவாக, "சார், வாடகைக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் காதில் இருக்கிறது. அன்று சாயங்காலமே மேனுவலை இரவல் வாங்கினேன். பிறகு நான் சம்பாதித்ததெல்லாம் அந்த மேனுவல் போட்ட பிச்சை.

அடுத்த கட்டம், மனுஷன் காத்திருக்காமல் இருப்பது. 1961ல் எம்.ஐ.டி.யில் கார்பாட்டோ என்பவரின் குழு ஒரு வழி காட்டியது. எம்.ஐ.டி. என்றால் குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ். நம் கல்யாணப் பந்தியைப் பாருங்கள். சாம்பார் வாளியோடு ஒருவர்தான் வருவார். ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்வார். வேகமாக வந்தால், தன்னை மட்டும் கவனிக்கிறார் என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அதேபோல் ஒரே மிஷின் ஒவ்வொருவர் வேலைக்கும் நொடியில் ஒரு துளியைக் கொடுத்துச் சுற்றிச் சுற்றி வரும். இதுதான் டைம் ஷேரிங். இந்த வழியில் 1969ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி இருவரும் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். 1973ல் அதை ஸி மொழியில் திருப்பி எழுதியதால் மிஷினுக்கு மிஷின் தாவ முடிந்தது. 1984ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை தந்தபின் நம் வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தபோது, பல கிளைகளில் உட்கார்ந்தது இந்த யுனிக்ஸ்தான்.

மூன்றாவது கட்டம், வீட்டுக்கு மிக்ஸி வந்த கதை. 1981ல் ஐ.பி.எம். பி.ஸி.யும் அதோடு டாஸும் வந்தன. மிஷின் நமக்கே சொந்தம்; ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை. தி. நகர் கடை ஒன்றுக்கு பில் போட்டுக்கொடுக்கும் ப்ரோகிராம் எழுதினேன். தீபாவளிக் கூட்டத்தில், பிரிண்டர் ஒரு பில்லைக் கரகரவென்று அடித்து முடிக்கும் வரை அடுத்தவருக்கு பில் கிடையாது. முதலாளி என்னை முறைத்தார். நான் டாஸை முறைத்தேன். பிறகு 1984ல் மேக்கிண்டாஷ், 1985ல் முதல் விண்டோஸ், 1995ல் விண்டோஸ் 95. கட்டளைகளை மனப்பாடம் செய்த காலம் போய், படத்தைத் தொட்டால் போதும் என்றாயிற்று.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். மாவு மிஷினில் பெல்ட் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். மிக்ஸிக்கு மூடி உண்டு. செல்போனுக்குத் திருகாணியே வெளியில் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருப்பு குறைந்தது, மூடி ஒன்று கூடியது. சௌகரியம் தப்பில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு எல்லாமே "அது அப்படித்தான், தொடாதே" ஆகிவிட்டால், அது என் பழைய ஜே.சி.எல். கார்டுதான்.

மூடி இல்லாத மிஷினும் உண்டு. 1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸை எழுதி, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டார். அதனால்தான் நம் ஆர்வலர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதில் தமிழில் மெனு போட முடிந்தது. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடுவதும் இந்த லினக்ஸ் கருதான். சென்னை ஸி-டாக் 2007ல் வெளியிட்ட பாஸ் அதன் வழி வந்தது. அரசு இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. 2023ல் ஐ.ஐ.டி.யில் வளர்ந்த நிறுவனம் ஒன்று பாரோஸ் என்று போனுக்கான சிஸ்டத்தை அறிமுகம் செய்தது. கார்டு சுமந்த காலத்தில் இப்படி நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இனி என் வேண்டுகோள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நம் கல்லூரி லேபில் இருக்கும் பழைய மிஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக 20 வாங்கித் தரலாம் என்று சங்கத்தில் பேச்சு. புதிதாகத் தாராளமாக வாங்குங்கள், என் பங்கையும் தருகிறேன். ஆனால் பழையதில் ஐந்தையாவது எடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் போட்டு, தனி அறையில் வைத்து, "இது கெட்டுப்போனால் பரவாயில்லை, திறந்து பாருங்கள்" என்று பிள்ளைகளிடம் கொடுங்கள். கெடுப்பார்கள். கெடுத்ததைச் சரிசெய்யும்போது கற்றுக்கொள்வார்கள். வாரம் ஒரு சனிக்கிழமை நான் வந்து உட்காரத் தயார், மேனுவலும் கொண்டுவருகிறேன்.

பேத்தியிடம் அன்று இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தாத்தா, இப்ப அப்டேட் பண்ணவா வேண்டாமா?" என்றாள். பண்ணச் சொன்னேன்.

பந்தி தயாராகிவிட்டதாக செயலாளர் கை காட்டுகிறார்.