எச்சரிக்கை விளக்கு சொல்வது என்ன?



இன்று தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் பழைய காடி ஒன்றாவது இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகவும், நோயாளியைக் கிள்ளான் மருத்துவமனையில் சேர்க்கவும் அதுவே நமக்குத் துணை. பட்டறைக் கூலியை மிச்சப்படுத்த, சிறு பழுதுகளை ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்கிறோம். அது நல்ல பழக்கந்தான். ஆனால், பழுது பார்த்த சில நாட்களில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால் என்ன செய்வது?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கேஸ்கட் பழுதாகியிருந்தது. புதியது வாங்கி நாங்களே மாற்றினோம். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. பட்டறையில் சோதனைக் கருவியைச் சொருகிப் பார்த்தபோது பி0420 என்ற எண் வந்தது. "கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். அவர்கள் கூறிய விலை எங்கள் ஒரு மாதச் செலவுக்கும் மேல். கடன் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று திரும்பினோம்.

கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயின் நடுவே இருக்கும் ஒரு தகரப் பெட்டி. அதனுள்ளே தேனடை போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அதன்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் நச்சுப்புகை சூடான இந்தப் பூச்சின்மேல் படும்போது, பெரும்பகுதி கரியமில வாயுவாகவும், நீராவியாகவும், நைட்ரஜனாகவும் மாறிவிடுகிறது. 1975 ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கக் காடிகளில் பரவலாக வந்த இந்தச் சாதனம் இன்று நம் நாட்டுக் காடிகளிலும் இருக்கிறது.

இது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காடிக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக, பிராணவாயுவை அளக்கும் இரண்டு சென்சார்கள் உண்டு. ஆலைக்குள் போகும் சரக்கை ஒரு கிராணியும், வெளியே வரும் சரக்கை மற்றொரு கிராணியும் கணக்கெழுதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பல காடிகளில் முன் சென்சாரின் கணக்கு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின் சென்சாரின் கணக்கு பெரும்பாலும் நிலையாக இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால், "பெட்டி வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்று காடி எண்ணிக்கொள்கிறது. அதுதான் பி0420. அந்த எண் ஒரு சந்தேகமே தவிர, தீர்ப்பு அல்ல.

குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும், அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள பிராணவாயு சென்சாரின் கணக்கைக் கெடுத்துவிடும். பிளக் சரியாகப் பொருந்தாவிட்டால், எரியாத பெட்ரோல் பெட்டிக்குள் போய் எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும். நாம் பூசும் சிலிக்கோன் பசையும், சென்சாருக்கு ஏற்ற வகையாக இல்லாவிட்டால், அதன் ஆவியால் சென்சாரைக் கெடுத்துவிடும். ஆகவே, "கடைசியாக எதைத் தொட்டோம்?" என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

வந்த எண்களை எல்லாம் முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; அழித்துவிட்டால் சாட்சியமும் போய்விடும். பி0300, பி0301 போன்ற எண்களும் சேர்ந்து வந்திருந்தால், எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால், காடியை மேலும் ஓட்டாமல் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், திறந்த வெளியில் இணைப்புகளின்மேல் சவர்க்கார நீரைத் தடவி, எஞ்சினை முடுக்குங்கள். சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுவது போலத்தான். குழாய் சூடேறுவதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். குமிழி வந்தால் அங்கே கசிவு. கரும்புகைக்கறை படிந்திருப்பதும், "டிக் டிக்" என்ற ஓசையும் கசிவுக்கு அடையாளங்கள்.

எங்கள் காடியில் குமிழி வந்தது. பழைய கேஸ்கட்டின் துணுக்கு ஒன்றைச் சுரண்டி எடுக்காமல், அதன்மேலேயே புதியதை வைத்து முடுக்கியிருந்தோம். தவறு எங்களுடையது. இடத்தைச் சுத்தம் செய்து, வேறொரு புதிய கேஸ்கட் போட்டு, எண்ணை அழித்தோம். பிறகு கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ஒரே சீராக ஓட்டிச் சென்றோம். அன்றும் அதன் பிறகும் விளக்கு எரியவில்லை. செலவு ஒரு கேஸ்கட்டின் விலைதான்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடிகளை மூடிக்கொண்டு பிள்ளைகளோடு போகும்போது அது உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே விளக்கு எரிகிறதே என்று அதை மறைக்கவோ, எண்ணை மட்டும் அழித்துவிட்டு ஓட்டவோ கூடாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடவும் கூடாது.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு. அப்போது அதைக் கெடுத்தது எது என்று கண்டுபிடித்துத் திருத்திய பிறகே புதியதைப் போடுங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போய்விடும். "பெட்டியை வெட்டிவிட்டு வெறுங்குழாய் போடலாம், செலவு குறையும்" என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். அந்த நச்சுப்புகையைச் சுவாசிப்பது சாலையோரத்தில் நடக்கும் நம் பிள்ளைகளே. வாகனப் புகையைக் கட்டுப்படுத்த, 1974 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் விதிகளும் உண்டு. மேலும், பழைய பெட்டியில் உயர்ந்த உலோகம் இருப்பதால் அதற்கு விலை உண்டு. மாற்றும்போது அதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள்; கேட்டு வாங்குங்கள், அல்லது விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள் பெரியோர். விளக்கு எரிந்தால் எண்ணை எழுதுவோம், தொட்ட இடத்தைப் பார்ப்போம், கசிவைத் தேடுவோம். அதன் பிறகு பணப்பையைத் திறப்போம்.