எறிந்த மரமும் எரிந்த மரமும்

(குறுவள மையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளியில் ஒரு கட்டுரையை ஒலிநூலாகப் பதிவு செய்தோம். அதைப் பற்றிப் பேசும்படி ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டார். இது பெரிய சாதனை ஒன்றுமில்லை. கால்மணி நேரத்தில் கேட்டு முடித்துவிடக்கூடிய ஒரே ஒரு கட்டுரைதான். ஆனால் அந்த வேலை என் தவறு ஒன்றிலிருந்து தொடங்கியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படிக்கிறாள். ஒருநாள் நூலகப் பாடவேளையில் உ.வே.சாமிநாதையரின் 'இடையன் எறிந்த மரம்' என்ற கட்டுரையை வாசித்துக் காட்டினேன். பழைய செய்யுளில் வரும் உவமை ஒன்றைப் பற்றிய கட்டுரை அது. ஆடு மேய்ப்பவர் கிளையை முழுதாகத் துண்டித்துவிட மாட்டார். பாதி வெட்டித் தாழ்த்திவிடுவார். ஆட்டுக்குத் தழை எட்டும், கிளையும் பட்டுப்போகாது. 'இடையன் வெட்டு அறா வெட்டு' என்று மக்கள் பேச்சில் வழங்கும் பழமொழி அந்த உவமைக்கு விளக்கம் தருகிறது.

கட்டுரையைப் பற்றிப் பத்து வரி எழுதி வரச் சொன்னேன். அந்த மாணவி பிரெயிலில் எழுதி வந்தாள். சிறப்புப் பயிற்றுநர் அதை எனக்கு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினார். தலைப்பே 'இடையன் எரிந்த மரம்' என்றிருந்தது. பிரெயிலில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. அவள் ரகரப் புள்ளிகளைத்தான் குத்தியிருந்தாள். "என்னம்மா, றகரம் வர வேண்டிய இடம் இல்லையா?" என்றேன். அவள் தயங்காமல், "நீங்க அப்படித்தானே டீச்சர் படிச்சீங்க? மரம் எரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் வெட்டுறதைப் பத்தி வருது. எனக்குப் புரியலை" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. ரகர றகர வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி நடத்துகிறேன். மயங்கொலிப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கிறேன். ஆனால் என் நாக்கு இரண்டையும் ஒன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணால் பார்த்துப் படிக்கும் பிள்ளைகளை அச்செழுத்து காப்பாற்றிவிடும். அவளுக்கு என் குரல்தான் புத்தகம். அந்தப் புத்தகம் பிழையாக இருந்தது.

திருத்தமாக ஒருமுறை பதிவு செய்து கொடுத்துவிடலாம், வேண்டியபோதெல்லாம் அவள் போட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். எப்படிச் செய்வது என்று தேடியபோது லிப்ரிவாக்ஸ் என்ற தன்னார்வ முயற்சியைப் பற்றித் தெரிந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஹியூ மெக்குவையர் 2005இல் தொடங்கியது. ஜோசப் கான்ராடின் 'த சீக்ரெட் ஏஜென்ட்' நாவலை அத்தியாயங்களாகப் பிரித்துக்கொண்டு, பலர் அவரவர் வீட்டிலிருந்தே வாசித்ததுதான் முதல் நூல். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஊதியம் கிடையாது; குரல் தேர்வும் கிடையாது. ஒருவர் வாசிப்பார். இன்னொருவர் அதைக் கேட்டு, பிழைகளையும் இரைச்சலையும் குறித்துச் சொல்வார். எந்த ஊர்த் தொனியில் வாசித்தாலும் குறை சொல்வதில்லை.

அந்த முறையை எங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டோம். நான்கு ஆசிரியர்கள் கட்டுரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டோம். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாணவன். கேட்டுச் சொல்லும் பொறுப்பை அந்த மாணவியிடமே கொடுத்தோம்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஐயர் மறைந்தது 1942 ஏப்ரலில். எனவே அவர் வாழ்நாளில் வெளியானவை 2003 ஜனவரி முதல் பொதுவுடைமை. ஆனால் பிற்காலப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருக்கே உரியவை. அவற்றை நாங்கள் வாசிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்கு மட்டும் என்றால், உரிமை உள்ள நூலையும் லாப நோக்கின்றி ஒலிவடிவில் தரலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுக்கிறது. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் கேட்க வேண்டும், அடுத்த பள்ளிக்கும் கொடுக்க வேண்டும் என்று விரும்பினோம். அதனால் பொதுவுடைமை நூலையே எடுத்தோம்.

கருவி என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. மாலையில் பிள்ளைகள் போனபின் நூலக அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். புத்தகங்கள் நிறைந்த அறையில் எதிரொலி குறைவு. கைப்பேசியை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம். அப்போதுதான் பகரம் சொல்லும்போது மூச்சுக்காற்று ஒலிவாங்கியில் மோதாது. தவறாக வாசித்தால் நிறுத்துவதில்லை. ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிப்போம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் கைதட்டல் உயரமான கோடாகத் தெரியும். அந்த இடத்தை எளிதாக வெட்டிவிடலாம்.

முதல் பதிவைக் கேட்டுவிட்டு அவள் சொன்ன திருத்தங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஓரிடத்தில் நான் ஒரு முழு வரியைத் தாண்டியிருந்தேன். ஒப்பிட்டுப் பார்த்த மாணவன் அதைக் கவனிக்கவில்லை. "இங்க ஏதோ குறையுது" என்று அவள்தான் கண்டுபிடித்தாள். இன்னொன்று, "நீங்க பக்கம் திருப்புற இடம் எனக்குத் தெரியுது டீச்சர்" என்றாள். தாள் சத்தத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. பக்கம் முடியும் இடத்தில், வாக்கியம் முடியாதபோதும், என் குரல் முடிந்துவிடுகிறதாம்.

ஐயர் காலத்து வாக்கியங்கள் நீளமானவை. எச்சத்துக்குமேல் எச்சமாகச் சென்று கடைசியில்தான் வினைமுற்று வரும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாசிக்கத் தொடங்கினால் நடுவழியில் மூச்சு முட்டும். ஆகவே வாசிப்பதற்கு முன் பென்சிலால் எழுவாயையும் பயனிலையையும் குறித்துக்கொண்டோம். பிறகுதான் நிறுத்த வேண்டிய இடங்கள் தாமாகத் தெரிந்தன. பொருள் புரியாத வாக்கியத்தைச் சரியாக வாசிக்க முடியாது என்பது அப்போது உறைத்தது. வகுப்பில் எத்தனை பத்திகளைப் பாதி புரிந்தும் புரியாமலும் வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன்!

குரல் பற்றி நாங்களே ஒரு விதி வகுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் நெல்லைக்காரர். ஒருவர் கொங்குப் பகுதி. அவரவர் தொனி அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒலி மாறினால் பொருள் மாறும் இடத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. தலைப்பை மட்டும் நான் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஒரு வழியாக அவள், "இப்ப வெட்டிட்டீங்க டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்தக் காலத்தில் ஆசிரியரிடம் கல்வி கற்பதைப் 'பாடம் கேட்டல்' என்றார்கள். ஐயரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்தான். கேட்டல் என்ற சொல் மாணவரைக் குறிக்கிறது. கேட்கும்படி வாசிப்பது நம் கடமை. அந்தக் கடமையை எனக்கு நினைவூட்டியவள் என் மாணவி.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. நான்காம் வகுப்புக் குழந்தை ஒரு பத்தியை வாசிக்கட்டும். பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டுங்கள். நாம் திருத்துவதற்கு முன்பே அது தன்னைத் திருத்திக்கொள்ளும்.

மேல்வகுப்பு ஆசிரியர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் ஏராளமாக உள்ளன. எழுதியவர் மறைந்த ஆண்டைப் பார்த்து, பள்ளிக்கு ஒரு கட்டுரை எடுத்துக்கொள்வோம். இந்தக் குறுவள மையத்தின் பள்ளிகள் ஆளுக்கொன்று செய்தாலே நம் பிள்ளைகளுக்கு ஒரு சிறு ஒலி நூலகம் கிடைத்துவிடும். அடுத்த கட்டுரையில் முதல் பகுதியைத் தானே வாசிப்பதாக எங்கள் மாணவி கேட்டிருக்கிறாள். சிறப்புப் பயிற்றுநர் அதைப் பிரெயிலில் எடுத்துக்கொண்டிருக்கிறார். இம்முறை பிழை குறிக்கும் வேலை என்னுடையது.