சுருட்டுப் பெட்டியும் ஈரமானியும்



திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் அதன் சாம்பல் ஒரு தடயமாகவே வருகிறது. புகைக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அது உடலுக்குக் கேடு. சுருட்டு வைக்கும் பெட்டிதான் இன்றைய பாடம்.

இலை நொறுங்காதிருக்க, பெட்டிக்குள் ஈரப்பதம் 70 விழுக்காட்டை ஒட்டி நிற்க வேண்டும். மேனாட்டுக் குளிர்காலத்தில் இது எளிதன்று. 0 பாகைக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியே கொள்ளும். வீட்டினுள் 20 பாகைக்குச் சூடேறினால் 17 கிராம் கொள்ளும். இருப்பதோ அதே 5 கிராம்! ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே பெட்டியில் நனைத்த பஞ்சு வைப்பார்கள். ஈரம் மிகுந்தாலோ பூஞ்சணம் பிடிக்கும்.

நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மார்கழி அத்துணை வறண்டதன்று. ஆயினும் அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளின் குளிரூட்டிய கூடங்களில், குளிர்ந்த குழாய்களின்மேல் நீராவி நீராகி வடிந்துவிடுகிறது. எஞ்சிய காற்று மிக உலர்ந்தால் உடலில் நிலைமின்சாரம் சேரும்; கை உணராத ஒரு சிறு பொறியே நுண்சில்லைக் கெடுத்துவிடும். அங்கும் ஈரமானிதான் காவல்.

அந்தக் காவலாளி மெய் சொல்கிறானா? ஒரு மூடியில் உப்பிட்டு, முழுதும் கரைந்துவிடாதபடி சில சொட்டு நீர் விட்டு, ஈரமானியுடன் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வையுங்கள். அது 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், இனி அது சொல்லும் எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள்.