குன்னங்குளம் வரை நடக்கிறோம்

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். அன்று குன்னங்குளம் போய்ச் சேரும்படி, கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு, பாலக்காடு வழியாகக் கால்நடையாய்ப் புறப்படுகிறோம். ஆறு நாள் நடை. கேரளத்துக்கு ஏன் என்று சிலர் கேட்டீர்கள். இந்திய அல்சைமர் சங்கம் 1992-ல் டாக்டர் ஜேக்கப் ராய் அவர்களால் அங்கேதான் தொடங்கப்பட்டது.

எங்களை உறுத்தியவர் ஒரு தாயார். நெடுங்காலம் ஞாயிறுபள்ளி நடத்தியவர். ஒருநாள் தம் வீட்டிலிருந்தே "வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்பி, சாயங்காலம் உக்கடம் பேருந்து நிலையத்தில் அகப்பட்டார். ஆறு மாதம் முன்பே மகள் அவரை எங்களிடம் கூட்டிவந்திருந்தாள். "வயதானால் மறதி வரும் அம்மா" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்களே. தைராய்டு, பி12 குறைவால் வரும் மறதியைச் சரிசெய்யலாம். அந்தச் சோதனையைக்கூட அன்று செய்யவில்லை.

2023-ல் வெளியான ஆய்வு, 60 வயது கடந்த இந்தியரில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதிநோய் என்று கணக்கிடுகிறது. அல்சைமரைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

மகள் வேலையை விட்டுவிட்டாள். இரவில் தாயின் முந்தானையைத் தன் கையில் முடிந்துகொண்டு படுக்கிறாள், எழுந்தால் தெரியவேண்டுமே. சேரும் காணிக்கையில், இப்படிப்பட்ட வீடுகளுக்கு வாரம் இரண்டு இரவு பயிற்சி பெற்ற உதவியாளரை அனுப்புவோம். அந்த இரண்டு இரவாவது அவள் தூங்கட்டும்.

பழநிக்கு நடந்து பழகிய அக்கம்பக்கத்தார் புதுச் செருப்பு போடவேண்டாம் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். வாளையாறு வரையாவது கூட வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். வழியனுப்ப அந்தத் தாயாரும் வருவார். எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று முறை கேட்பார்.