புன்னை என்னும் உடன்பிறந்தாள்

பட்டினப்பாக்கத்துக் கடற்கரையிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் மயிலைக் கபாலீசுவரர் ஆலயம். அங்கே ஸ்தல விருட்சமாக விளங்கும் புன்னையின் அடியில்தான் அம்பிகை மயிலுருவில் ஈசனைப் பூஜித்தாள் என்பது ஐதிகம். உப்புக்காற்றைத் தாங்கி வளரும் இம்மரத்தின் விதையை மணலில் புதைத்து விளையாடிய ஒரு பெண், அது முளைவிடவே நெய்யும் பாலும் வார்த்துப் பேணியதையும், அம்மரம் அவளுக்கு உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லியிருந்தமையால், பின்னாளில் அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேச அவள் நாணியதையும் நற்றிணையின் 172ஆம் பாடல் சித்திரிக்கிறது. ஒரு விருட்சத்துக்கு இதனினும் உன்னதமான ஸ்தானம் ஏது? புன்னையின் வித்து விளக்குக்கு எண்ணெய் தந்தது. அதன் மரம் படகாயிற்று. வாசலில் இடமுள்ள அன்பர்கள், வரும் மழைக்காலத்தில் ஒரு புன்னை வித்தை ஊன்றி வையுங்கள்.