வாய் திறந்து யோசிப்போம்

(எமது சங்கத்தின் இளைஞர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொம்பியூட்டர் புறோகிராமிங் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்பது பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டுக் கொண்டார்கள். முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிப்போடுறன். நான் கொம்பியூட்டர் இஞ்சினியர் இல்லை. பாண் செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன். 2008இல் யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் ஏ.எல். எடுத்தேன். பல்கலைக்கழகம் போகப் புள்ளி காணவில்லை. 2010இல் இங்கிலாந்துக்கு வந்தேன். அதோடை படிப்பு முடிஞ்சுது எண்டுதான் நினைச்சிருந்தன்.

2020இல் கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த காலத்தில், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தருகிற சி.எஸ். 50 என்ற பாடத்தைத் தொடங்கினேன். பிறகு பைத்தன் மொழியை ஒழுங்காகப் படித்தேன். இதுவரைக்கும் மூன்று நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறேன். மூன்றிலும் தோல்வி. தோத்தவனிட்டை என்ன கேக்கிறது எண்டு எழும்பிப் போயிடாதேங்கோ. எந்த இடத்திலை வழுக்கினது எண்டு விழுந்தவனுக்குத்தான் வடிவாத் தெரியும்.

முதலாவது பரீட்சையைச் சொல்லுறன். கேள்வி இதுதான். ஒரு பட்டியலில் சில எண்கள் இருக்கின்றன. உதாரணமாக 8, 3, 11, 5, 7. இவற்றில் எந்த இரண்டைக் கூட்டினால் 12 வரும் என்று கண்டுபிடிக்கும் புறோகிராமை எழுத வேண்டும். 5உம் 7உம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் எண்கள் ஆயிரம் இருந்தால்? ஒவ்வொரு சோடியாகக் கூட்டிப் பார்த்தால் 4,99,500 சோடிகள் வரும்.

எனக்குச் செய்யத் தெரியும். குனிஞ்ச தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். பரீட்சை எடுத்தவர் இடையில், "இப்ப என்ன யோசிக்கிறீர்?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. ஏதோ பிழை பிடித்துவிட்டார் என்று நினைத்து, "ஒன்றுமில்லை, மன்னிக்கவும்" என்றேன். பிறகும் இரண்டு தரம் கேட்டார். நானும் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். விடை சரி. ஆனால் வேலை கிடைக்கவில்லை. நான் யோசிக்கிற விதத்தை விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஏன் அப்படி வாய் மூடிப்போனேன் என்று கன நாள் யோசித்தேன். இங்கே இருக்கிற பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இந்த நாட்டில் கொடுத்த முதல் நேர்முகம் அகதி விசாரணை. அதற்கு முதல் லோயர் எனக்குச் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லும். ஊகிச்சு ஒண்டும் சொல்லாதையும்." அது நல்ல புத்திமதி. அங்கே ஒரு திகதி மாறினாலே முழுக்கதையும் பொய் என்று எழுதிவிடுவார்கள். அந்தப் புத்திமதிதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் அதையே கொண்டுபோய் வேலைப் பரீட்சையிலும் வைத்தேன். இங்கே விதி நேர் எதிர். நீங்கள் ஊகிக்க வேண்டும். சத்தமாக ஊகிக்க வேண்டும். பிழைத்தால், "இது சரிவராது, ஏனெண்டால்..." என்று சொல்லித் திருத்த வேண்டும். அதைத்தான் அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள்.

இப்போது நான் பழகுகிற முறையைச் சொல்கிறேன். கேள்வி வந்தவுடன் எழுதத் தொடங்குவதில்லை. முதலில் கேள்வியை என் வாயால் திருப்பிச் சொல்வேன். பிறகு நான் அவர்களிடம் கேட்பேன். ஒரே எண் இரண்டு தரம் வருமா? சைபருக்குக் குறைந்த எண்கள் இருக்குமா? விடையே இல்லாவிட்டால் என்ன திருப்பிக் கொடுப்பது? 6 ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதையே இரண்டு தரம் கூட்டலாமா? அதன்பின் சின்ன உதாரணம் ஒன்றைக் கையால் செய்து காட்டுவேன். மெதுவான வழியை முதலில் சொல்லி, அது ஏன் மெதுவானது என்றும் சொல்வேன். வேகமான வழி பிறகுதான். எழுதி முடிந்ததும் நானே ஒவ்வொரு வரியாகப் பரிசோதிப்பேன்.

அந்த வேகமான வழியை எனக்கு விளங்கப்படுத்தியது என் மனைவி. அவ ஒருநாளும் புறோகிராமிங் படிக்கவில்லை. அவ சமைக்கிற நேரம் குசினியில் நின்று இந்தக் கணக்கைத் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். "இஞ்சருங்கோ, ஏன் திருப்பித் திருப்பி முதலிலை இருந்து பாக்கிறியள்? பாத்ததை ஒரு துண்டிலை எழுதி வைச்சால் என்ன?" என்றா. புத்தகத்தில் வாசித்த ஹாஷ் அட்டவணை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் விளங்கியது. 5ஐப் பார்க்கும்போது 12இல் 5 போக 7. 7ஐ முன்பு கண்டோமா? இல்லை. 5ஐக் குறித்துவை. அடுத்து 7 வரும்போது, 5ஐ முன்பு கண்டோமா? ஓம். முடிந்தது. பட்டியலை ஒரு தரம் பார்த்தால் போதும். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் கூட்டல், ஆயிரம் பார்வையாகக் குறைகிறது.

பிழை விடுவதற்கும் வெட்கப்படாதீர்கள். வரிசைப்படுத்திய பட்டியலை நடுவால் பிரித்துத் தேடுகிற முறை ஒன்று உண்டு. பத்து லட்சம் பெயர்களில் ஒன்றை 20 தரத்துக்குள் பிடித்துவிடலாம். அந்தச் சின்ன முறையில், ஜாவா மொழியின் சொந்த நூலகத்திலேயே ஒரு பிழை கிட்டத்தட்ட 9 வருடம் இருந்தது. அதை 2006இல் வெளிப்படையாக எழுதியவர், அந்தப் புறோகிராமை எழுதிய ஜோசுவா புளொக்தான். தன் பிழையைத் தானே சொன்னதால் அவருடைய மதிப்புக் குறையவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2020இல் அமெரிக்காவின் வட கரோலினா அரச பல்கலைக்கழகமும் மைக்ரோசொப்ற் நிறுவனமும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தன. 48 மாணவர்கள். ஒரு பகுதியினர் பரீட்சகர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிப் பேசி விடை எழுதினார்கள். மற்றவர்கள் தனி அறையில் எழுதினார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திறமை ஏறக்குறைய அரைவாசியாக விழுந்தது. முன்னால் ஆள் இருந்தபோது பெண்கள் எல்லோரும் தவறினார்கள். தனி அறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் சித்தியடைந்தார்கள். இது சின்ன ஆய்வுதான். ஆனாலும் உங்கள் மகள் தோற்று வந்து நின்றால், "படிக்கேல்லையோ?" என்று முதல் கேள்வி கேளாதீர்கள். படித்திருப்பாள். ஆளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பழக ஒரு இடம் அவளுக்குக் கிடைத்திராது.

அந்த இடத்தை நாங்கள் கொடுக்கலாம். இதுதான் என் வேண்டுகோள். எங்கடை ஆக்களிலை கொம்பியூட்டர் வேலை செய்யிறவை இருக்கினம். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை நடக்கிற நேரம், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில், ஒரு மேசையில் இருந்து எங்களிடம் கேள்வி கேளுங்கள். ஒரு வெள்ளைப் பலகையும் இரண்டு பேனையும் போதும். வேலை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கவில்லை. முன்னால் இருந்து, "இப்ப என்ன யோசிக்கிறீர்?" என்று கேட்டால் காணும். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்விக்கு நாங்கள் பயப்படாமல் வர வேண்டும்.

எனக்கு அடுத்த பரீட்சை வைகாசியில் வருகிறது. இப்போது பாண் தட்டுகள் ஓடுகிற பெல்ற்றுக்குப் பக்கத்தில் நின்று இரவிரவாக எனக்குள் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற போலந்துக்காரர் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைக்கிறார். கிடைக்குமோ தெரியாது. கிடைச்சாலும் கிடைக்காட்டியும் சனிக்கிழமை அந்த மேசையிலை நான் இருப்பன். நீங்களும் வாங்கோ.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.